லயத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க வரும் டீச்சருக்கு

கேரளத்தின் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளிகளுக்குப் புதிதாக வரும் டீச்சர்கள் என்னிடம் முதலில் கேட்பது குளிரையும் பாடத்திட்டத்தையும் பற்றித்தான். அவற்றை ஒரு மாதத்தில் பழகிக்கொள்ளலாம். வகுப்பில் எந்தப் பிள்ளையின் குரல் கேட்கவே இல்லை என்பதைக் கண்டுபிடிக்கத்தான் நாளாகும். நான் லயத்தில், எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டில் பிறந்தவள், அம்மா தேயிலைக் கொழுந்து கிள்ளி என்னைப் படிக்க வைத்தார். அந்தக் குரல் கேட்காத பிள்ளை பெரும்பாலும் பெண், தலித், கூலி வீட்டுப் பிள்ளை. மூன்றும் ஒரே ஆளின் மேல் ஒன்றாக விழும்போது என்ன ஆகிறது என்று பார்க்கப் பழகாதவரை பெண்ணியம், சமத்துவம் என்று நாம் போர்டில் எழுதுவது போர்டோடு நின்றுவிடும்.

முதல் வாரம் பாடத்தில் அவசரப்படாதீர்கள். ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, துடைப்பத்தை யார் எடுக்கிறார்கள், மதியச் சோறு சமைக்கும் கஞ்சிப்புரையில் யார் பரிமாறுகிறார்கள், யார் தட்டு கழுவுகிறார்கள், அசெம்பிளியில் யார் மைக் பிடிக்கிறார்கள், ஆபீஸ் ரூமுக்குக் கடிதம் கொண்டுபோக எந்தப் பையனைக் கூப்பிடுகிறோம் என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். துடைப்பம் எந்த வீட்டுப் பெண்களின் கைக்குப் போகிறது என்பது தெரிந்துவிடும். யாரும் உத்தரவு போட்டிருக்க மாட்டார்கள், பழக்கமே அப்படி நடத்திக்கொண்டிருக்கும். அடுத்த திங்கள் முதல் வேலைகளை நம்பர் வரிசையில் சுற்றுக்கு விடுங்கள். ரெஜிஸ்டரில் ஆண் பிள்ளைகள் முதலிலும் பெண் பிள்ளைகள் பிறகும் இருந்தால், வகுப்புக்கென்று தனியாக அகர வரிசைப் பட்டியல் ஒன்று போட்டு அதன்படி கூப்பிடுங்கள். மைக்கும் துடைப்பமும் ஒரே பட்டியலில் இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி கேட்டால் உடனே கை தூக்குகிறவர்கள் எந்த வகுப்பிலும் நான்கைந்து பேர்தான். அவர்களை வைத்தே ஒரு வருடத்தை ஓட்டிவிடலாம், வகுப்பு நன்றாகப் போவதுபோலவும் தோன்றும். கேள்வி கேட்டதும் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பிறகு, பக்கத்தில் இருப்பவரிடம் பதிலைச் சொல்லச் சொல்லுங்கள். ஒருமுறை தோழியிடம் சொல்லிப் பார்த்த பதிலை எழுந்து நின்று சொல்வது அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு பாரமாக இருக்காது. மெல்லப் பேசுகிற பிள்ளையின் அருகில் போய்க் குனிந்து கேட்கிற வழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அன்பில்தான் அப்படிச் செய்கிறோம், ஆனால் அப்போது அவள் நமக்கு மட்டுமே பேசுகிறாள். வகுப்பின் எதிர்மூலைக்குப் போய் நின்று, “அம்மாடி, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு” என்று கேளுங்கள். அவள் சொன்னதை நாம் உரக்கத் திருப்பிச் சொல்லவும் கூடாது. அவள் குரலிலேயே அது கேட்கட்டும்.

பெண், தலித், கூலி வீடு என்ற மூன்றையும் ஏன் பிரிக்கக் கூடாது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1964க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பிறகு எடுத்தவர்களையும், கடைசியில் வந்தவர்கள் முதலில் போக வேண்டும் என்ற கணக்கில் ஆள்குறைப்பின்போது அனுப்பியது. அந்தப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறார்களே என்றது நீதிமன்றம். அப்படி எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையர்கள். நிறவெறி என்றால் கறுப்பின ஆண்களின் வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்றது. கறுப்பினப் பெண் என்ற தனிக் கணக்கில் குறையைக் கேட்க 1976 தீர்ப்பில் இடம் கிடைக்கவில்லை. கிம்பர்லே கிரென்ஷா என்ற கறுப்பினச் சட்ட அறிஞர் 1989இல் இந்தத் தீர்ப்பை எடுத்து வைத்துத்தான், இனமும் பாலினமும் சந்திக்கும் இடத்தில் நிற்கிறவளைச் சட்டம் பார்க்கவில்லை என்று வாதிட்டார். அங்கே நிறம், இங்கே சாதி. இரண்டும் ஒன்றல்ல, ஒன்றாக்கியும் சொல்லித்தர வேண்டாம். பார்க்கும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் அமெரிக்கா வரை போவதில்லை. 2015 செப்டம்பர் போதும். போனஸை 10 சதவீதமாகக் குறைத்தபோது மூணாறில் ரோட்டில் உட்கார்ந்தவர்கள் கொழுந்து கிள்ளும் பெண்கள், இன்று பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று எல்லோரும் அறிந்தவர்கள். கம்பெனியை எதிர்த்தார்கள், தங்கள் பேரில் பேசிவந்த யூனியன் தலைவர்களையும் கிட்டே விடவில்லை. தொழிலாளிக்கு யூனியன் இருந்தது, ஆனால் அதன் மேடையில் கிள்ளுகிற பெண் இல்லை. இதைக் கணக்குப் பாடமாகவே நடத்தலாம். போராட்டத்தின் முடிவில் கிடைத்தது போனஸ் 8.33 சதவீதம், கருணைத் தொகை 11.67 சதவீதம், கூட்டினால் 20. அப்போது நாள்கூலி 232 ரூபாய், கேட்டது 500, பிறகு கிடைத்தது 301. கேட்ட உயர்வில் எத்தனை சதவீதம் கிடைத்தது? வீட்டில் அம்மாவிடம், பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். அன்று ரோட்டில் உட்கார்ந்தவர்களின் பேத்திகள் உங்கள் வகுப்பில் இருக்கலாம். அம்மாவின் வேலையைப் பற்றி வாய் திறக்காத பிள்ளை அடுத்த நாள் நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வரும்.

எழுத வைப்பதைப் பற்றி ஒன்று. மகாராஷ்டிரத்தில் ஜோதிராவ், சாவித்திரிபாய் பூலே நடத்திய பள்ளியில் படித்த, மாங் என்ற தலித் சாதிப் பெண் முக்தா சால்வே, மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1855இல் பத்திரிகையில் வந்தது. மாணவியாக இருக்கும்போதே எழுதினார். “என் பள்ளி”, “பசு” என்ற தலைப்புகளோடு “எங்கள் லயத்தில் தண்ணீர் வரும் நேரம்” என்றும் ஒரு தலைப்புக் கொடுங்கள். எழுத்துப்பிழையைச் சிவப்பு மையில் திருத்துவதை அன்றைக்குத் தள்ளி வையுங்கள். வகுப்பில் வாசிக்கலாமா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு மட்டும் வாசியுங்கள். சொந்தக் கஷ்டத்தைச் சபையில் வைக்கச் சொல்லி எந்தப் பிள்ளையையும் வற்புறுத்தக் கூடாது.

ஸ்காலர்ஷிப் விஷயம் இதைவிடக் கூர்மையானது. “எஸ்ஸி பிள்ளைகள் எழுந்து நில்லுங்க” என்று வகுப்பில் ஒருபோதும் சொல்லாதீர்கள். பட்டியலை உரக்கப் படிக்கவும் வேண்டாம். எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே மாதிரித் தாளை மடித்துக் கொடுத்து, ஒரே நாளில் திரும்ப வாங்குங்கள். இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் 1950க்கு முன்பே கேரளத்தில் குடியிருந்ததைக் காட்டினால்தான் இங்கே எஸ்ஸி சான்றிதழ் கிடைக்கும். பாட்டன் பேர் உள்ள எஸ்டேட் ரெஜிஸ்டர், பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவு என்று ஏதாவது வேண்டும். அது இல்லாத வீடுகள் ஏராளம். சாதியின் பாரம் முழுதும் இருக்கும், சாதிச் சான்றிதழ் மட்டும் இருக்காது. உங்கள் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைக் கரையானுக்கு விடாமல் காப்பாற்றுங்கள். ஒரு வீட்டுக்கு அதில் உள்ள ஒரு வரிதான் ஆதாரமாக இருக்கும்.

டவுனில் நம் தமிழ்ப் பிள்ளைகளை இளக்காரமாகப் “பாண்டி” என்பார்கள். அதே பிள்ளைகள் வகுப்பில் ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளியின் மகனைப் “பெங்காலி” என்று கூப்பிடுவார்கள், கறுத்த பெண்ணைக் “கருவாச்சி” என்பார்கள். கேட்ட அந்த நொடியிலேயே பாடத்தை நிறுத்துங்கள். திட்ட வேண்டாம். டவுனில் உனக்கு என்ன பேர் வைத்தார்கள், அன்று எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள்.

காலையில் தாமதமாக வரும் பெண்ணை வெளியே நிறுத்தாதீர்கள். அம்மா எட்டு மணிக்குள் தேயிலைக் காட்டுக்குள் இருக்க வேண்டும், அதனால் தம்பிக்குச் சோறு கட்டி அனுப்பிவிட்டுத்தான் இவள் கிளம்ப முடியும். வீட்டுப்பாடத்தைக் கடைசிப் பீரியடில் பாதி முடிக்க விடுங்கள். ஒற்றை அறை வீட்டில் டிவிக்கும் அடுப்புக்கும் நடுவே எழுதுகிற பிள்ளைக்கும், தனி மேஜை உள்ள குவார்ட்டர்ஸ் பிள்ளைக்கும் ஒரே அளவு வீட்டுப்பாடம் கொடுத்தால் அது சமமாகிவிடாது. மாதவிடாய்க்குத் துணி, பேட் எங்கே இருக்கிறது என்பதை ஆண் பிள்ளைகள் இருக்கும்போதே, சாக்பீஸ் இருக்கும் இடத்தைச் சொல்வதுபோலச் சொல்லுங்கள்.

நம் அதிகாரத்தையும் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். வகுப்பு விதிகளைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதுங்கள், டீச்சருக்கும் இரண்டு விதி இருக்கட்டும். சார், மேடம் வேண்டாம், எல்லாரையும் டீச்சர் என்றே கூப்பிடட்டும் என்று 2023இல் கேரளக் குழந்தை உரிமை ஆணையம் சொல்லியிருக்கிறது. ஸ்டாஃப் ரூமில் சிலர் முகம் சுளிப்பார்கள். சண்டை போட வேண்டாம், உங்கள் வகுப்பில் தொடங்கிவிடுங்கள்.

ஏழாம் வகுப்போடு முடிகிற பள்ளி என்றால், ஜனவரியிலேயே ஒரு பட்டியல் எடுங்கள்: எட்டாம் வகுப்புக்கு ஹைஸ்கூல் ஜீப் ஏறப்போகிற பெண்கள் யார், தம்பியைப் பார்க்க வீட்டில் நிறுத்தப்படப் போகிறவர்கள் யார். ரிசல்ட் வரும்வரை காத்திருந்தால் வீட்டில் முடிவெடுத்து முடித்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் போங்கள், அம்மா வீட்டில் இருக்கும் நேரம் அதுதான். “அக்கா” என்று கூப்பிட்டு வாசலில் உட்காருங்கள், கொடுக்கிற கட்டன் சாயாவைக் குடியுங்கள். அப்பாவிடம் பேசுவதற்கு முன் அம்மாவிடம் பேசுங்கள். ஜீப் வாடகை, ஹாஸ்டல் விண்ணப்பத்தின் கடைசித் தேதி இரண்டையும் தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்.