பாசல் விமான நிலையத்துக்குக் காரில் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தின் பெயரைத் தாங்கியிருந்தாலும் யூரோ ஏர்போர்ட் இருப்பது முழுக்க முழுக்கப் பிரான்ஸ் மண்ணில், அல்சாஸ் பகுதியில் சான் லூயி ஊருக்குப் பக்கத்தில். 1949-ல் பிரான்சும் சுவிட்சர்லாந்தும் ஒப்பந்தம் போட்டன. நிலத்தைப் பிரான்ஸ் கொடுத்தது, கட்டும் வேலையை சுவிஸ் ஏற்றது. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் ஊர்க்காரர்களும் இதைத் தங்கள் விமான நிலையமாகவே பயன்படுத்துகிறார்கள். டிக்கெட்டில் பி.எஸ்.எல். என்று போட்டிருந்தாலும், எம்.எல்.எச். என்று போட்டிருந்தாலும் இடம் ஒன்றுதான். முதல் எழுத்துகள் பாசலுக்கு, மற்றவை பிரெஞ்சு நகரமான மூலூஸுக்கு.

கட்டடம் ஒன்று, ஆனால் அதற்குள் சுவிஸ் பகுதி, பிரெஞ்சுப் பகுதி என்று இரண்டு, அவற்றுக்கு வரும் சாலைகளும் இரண்டு. இது மனதில் பதியாததால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. பாசலிலிருந்து சுவிஸ் பகுதிக்கு வரும் சாலை, இரண்டு பக்கமும் வேலி போட்ட தனிச் சாலை. பிரெஞ்சு மண்ணில்தான் ஓடுகிறது, ஆனால் நடுவில் பிரான்சுக்குள் திரும்ப முடியாது. பிரெஞ்சுப் பகுதிக்கு ஏ35 நெடுஞ்சாலையிலிருந்து வர வேண்டும். கட்டடத்துக்குள் நடந்து போனால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சில நிமிடம். காரில் என்றால் பாசல் ஊருக்குள் போய் எல்லையைக் கடந்து சுற்றித்தான் வர வேண்டும்.

அதனால் ஜி.பி.எஸ். வழிகாட்டியில் வெறுமனே ‘யூரோ ஏர்போர்ட்’ என்று போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். எந்தப் பகுதி என்று பார்த்து, அந்தப் பார்க்கிங்கின் பெயரையே இலக்காகப் போடுங்கள். சுவிஸ் பக்கப் பார்க்கிங்குகளுக்கு எஸ் எழுத்தும் பிரெஞ்சுப் பக்கத்துக்கு எஃப் எழுத்தும் உண்டு. முன்பதிவு செய்த சீட்டில் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. விமானத்துக்குச் செக்-இன் செய்ய எந்தப் பக்கமாக வந்தாலும் பரவாயில்லை. புறப்பாட்டுத் தளத்தில் இரண்டு பகுதிகளுக்கும் நடுவே நடந்து போக வழி இருக்கிறது.

வாடகைக் கார் எடுப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே நிறுவனத்துக்கு இரண்டு பக்கமும் கவுண்டர் இருக்கும், விலை வேறாக இருக்கும். மலிவாக இருக்கிறதே என்று பிரெஞ்சுப் பக்கம் எடுத்துவிட்டு, திரும்பும் நாளில் பாசல் வழியாக வந்து சுவிஸ் பக்கம் போய் நிற்பார்கள். விமானத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது இது நடந்தால் திண்டாட்டம்தான். எடுத்த பக்கமே திருப்பிக் கொடுங்கள், கடைசி நாளுக்கு அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சுவிஸ் நெடுஞ்சாலையில் ஓட்ட விக்னெட் (சாலைக் கட்டணம் கட்டியதற்கான வில்லை) கட்டாயம். விலை 40 ஃபிராங்க், இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 200. பிரெஞ்சுப் பதிவு எண் கொண்ட காரில் அது இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மலைப்பக்கம் போகிற எண்ணம் இருந்தால் குளிர்கால டயர் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.

ஃப்ரைபுர்க் பக்கமிருந்து வருகிறவர்களுக்கும் இதே விக்னெட் விஷயம்தான். ஏ5-ல் நேரே வந்து வைல் அம் ரைன் தாண்டினால் பாசல் நெடுஞ்சாலையில் ஏறிவிடுவீர்கள், விக்னெட் வேண்டும். நோயன்புர்கில் பிரிந்து ரைன் ஆற்றைக் கடந்து, ஏ36, ஏ35 வழியாக வந்தால் விக்னெட்டும் வேண்டாம், அந்தத் துண்டில் சுங்கக் கட்டணமும் இல்லை.

பார்க்கிங் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று பாசல் தெருவில் காரை விட்டுவிட்டுப் பேருந்தில் போகிறவர்கள் இருக்கிறார்கள். நீலக்கோடு போட்ட இடம் பொதுவாக ஒரு மணி நேரத்துக்குத்தான், நேர அட்டையும் வைக்க வேண்டும். அந்தப் பகுதி அனுமதி அட்டை இல்லாமல் ஒரு வாரம் விட்டால், சேரும் அபராதம் பார்க்கிங் காசைத் தின்றுவிடும். பாசலில் இருப்பவருக்குக் காரே தேவையில்லை என்பது என் எண்ணம். விமான நிலையத்தில் ரயில் நிலையம் கிடையாது, ஆனால் 50-ம் எண் பேருந்து பாசல் ரயில் நிலையத்திலிருந்து சுவிஸ் பகுதி வாசலுக்கே வருகிறது. பாசல் ஹோட்டலில் அறை எடுத்தவர்கள் முன்பதிவுக் கடிதத்தைக் காட்டினால், வந்திறங்கும் நாளில் ஹோட்டல் வரைக்கும் இலவசம்.

அப்புறம், ஆட்களை ஏற்ற வருகிறவர்கள். லண்டனிலிருந்து தங்கை வருகிறாள், பாசலில் இருக்கும் அண்ணன் காரோடு நிற்கிறார் என்று வையுங்கள். “அண்ணை, நான் வெளியில வந்திட்டன். எங்க நிக்கிறியள்?” “நானும் வெளியிலதான் நிக்கிறன், உன்னைக் காணேல்லையே!” இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். பெட்டி எடுத்த பிறகு ஒரு வாசல் சுவிஸ் பக்கம், மற்றது பிரான்ஸ், ஜெர்மனி பக்கம். பிரெஞ்சு வாசலால் வந்தவர் மேலே புறப்பாட்டுத் தளத்துக்கு ஏறி மறுபக்கம் நடந்து போகலாம், பதற வேண்டாம். ஆனால் கார் ஓட்டி வருபவர் தான் எந்தப் பக்கம் நிற்பார் என்பதை, பயணி விமானம் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. லண்டனில் நிரந்தர வதிவிடம் இருந்தாலும் இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டும். எந்த வாசலால் போனாலும் இது மாறாது.

மாறுவது சுங்கம். சுவிஸ் ஷெங்கனில் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் இல்லை. சுவிஸ் வாசலால் போனால் ஒருவர் கொண்டுவரும் பொருள்களுக்கு 150 ஃபிராங்க் மதிப்பு வரைதான் வரியில்லை. 2025 ஜனவரிக்கு முன்பு அது 300. பிரெஞ்சு வாசலால், ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து விமானத்தில் வருகிறவருக்கு 430 யூரோ. வரம்பு கூடிய வாசலால் வந்துவிட்டு உள்ளே நடந்து சுவிஸ் பக்கம் போனால் சுவிஸ் விதிதான் பொருந்தும், அது தப்பும் வழி அல்ல. இறைச்சி, பால் பொருள்களை லண்டனிலிருந்தோ கொழும்பு, சென்னையிலிருந்தோ கொண்டுவரக்கூடாது, இரண்டு பக்கமும் தடை. அம்மா ஆசையாகப் பொதி கட்டிக் கொடுக்கும் கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் தாவர நலச் சான்றிதழ் இல்லாவிட்டால் பறிமுதல்தான். வாழைப்பழமும் தேங்காயும் அந்தச் சான்றிதழ் கேட்காத சில வகைகளில் அடக்கம்.

பணம் கட்டும்போது சுவிஸ் பக்கம் ஃபிராங்கிலும் பிரெஞ்சுப் பக்கம் யூரோவிலும் கட்டுங்கள். ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டலாமா’ என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த மாற்று விலை பெரும்பாலும் நஷ்டம். போனையும் ஒருமுறை பாருங்கள். ஒன்றியத்தின் இலவச ரோமிங் விதி சுவிட்சர்லாந்துக்குப் பொருந்தாது. பிரான்ஸ் மண்ணில் நின்றாலும் எல்லை அருகில் என்பதால் சுவிஸ் சிக்னலைப் பிடித்துவிடும். பிரெஞ்சு, ஜெர்மன் சிம் வைத்திருப்பவர்கள் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துவிட்டு வாட்ஸப்பைத் திறக்கட்டும்.

ஜெனீவா விமான நிலையத்திலும் இதே கதைதான், தலைகீழாக. நிலம் சுவிஸ், உள்ளே ஒரு பிரெஞ்சுப் பகுதி, அதற்கு ஃபெர்னே வோல்தேர் ஊரிலிருந்து வேலி போட்ட சாலை. அங்கே பிரெஞ்சுப் பக்கம் வாடகைக் கார் எடுத்தாலும் அதே சாலையால்தான் திருப்பிக் கொண்டுபோக வேண்டும்.