புறக்கோள் செய்தி படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்ருட்டியில் பலாப்பழம் வாங்கத் தெரிந்தவர், கண்ணால் பார்த்ததோடு விலை பேச மாட்டார். தூக்கிப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார். வேறு விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள்களைப் பற்றிப் படிக்கும்போதும் அந்த நிதானம் வேண்டும்.

செய்தியோடு வரும் படத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். பிராக்சிமா சென்டாரி பி என்ற புறக்கோள் 2016இல் அறிவிக்கப்பட்டது முதல் பாறையும் செவ்வானமுமாக எத்தனையோ படங்கள் வந்துவிட்டன, எல்லாம் ஓவியங்கள். அந்தக் கோளின் விட்டத்தையே இன்னும் அளக்க முடியவில்லை. அதன் இழுப்பில் விண்மீன் லேசாகத் தள்ளாடுவதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். அந்த முறையில் கிடைப்பது குறைந்தபட்ச நிறை மட்டுமே. செய்திகளில் 'குறைந்தபட்ச' என்ற சொல் அடிக்கடி காணாமல் போய்விடுகிறது.

சரி, கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே போனால்? ஒளி எவ்வளவு மங்குகிறது என்பதிலிருந்து அதன் ஆரம் தெரியும். நிறையும் தெரிந்தால் அடர்த்தி வந்துவிடும். ஆனால் கோளின் ஆரம், விண்மீனின் ஆரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. அதில் 10 சதவீதம் பிசகினால் அடர்த்தி ஏறக்குறைய 30 சதவீதம் பிசகும். கணக்கு சரியாகவே இருந்தாலும் சிக்கல் தீராது. ஜிஜே 1214 பி என்ற கோளின் ஆரம் பூமியைப் போல் 2.7 மடங்கு, நிறை சுமார் 8 மடங்கு. நிறைய நீர் கொண்ட கோளுக்கும் இது பொருந்தும், பாறைமேல் ஹைட்ரஜன் போர்த்திய கோளுக்கும் பொருந்தும். ஒரே எடையும் பருமனும் உள்ள இரண்டு பழங்களில் ஒன்றில் சுளை அதிகம், இன்னொன்றில் சடை அதிகம் என்பது போல.

அப்புறம் மோந்து பார்ப்பதுதான் வழி. கோளின் காற்றுக்குள் புகுந்து வரும் விண்மீன் ஒளியை நிறம் பிரித்து ஆராய வேண்டும். ஹபிள் தொலைநோக்கி இந்தக் கோளை அப்படிப் பார்த்ததில் 2014இல் வந்த முடிவு: உயரத்தில் மேகம் மறைக்கிறது. எதுவும் தெரியவில்லை என்பதால் காற்றே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. எனக்கு உடனே நம் புதுச்சேரிதான் நினைவுக்கு வந்தது. 1769 ஜூனில், வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டி இங்கே காத்திருந்தார். அந்தக் காலையில் மேகம் மூடிவிட்டது.

'பூமியைப் போன்றது' என்ற பட்டத்துக்கும் அந்த வெள்ளியே பாடம். அதன் ஆரம் பூமியினுடையதில் 95 சதவீதம், அடர்த்தியும் கிட்டத்தட்ட அதேதான். உறிஞ்சும் வெயிலை மட்டும் கணக்கிட்டால் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி அளவில் வரும். ஆனால் கார்பன் டை ஆக்சைடு போர்வைக்கு அடியில் தரை 465 டிகிரி செல்சியஸ் கொதிக்கிறது. புறக்கோள் செய்திகளில் வரும் வெப்பநிலை பெரும்பாலும் இந்த வெயில் கணக்குதான். அதைத் தரையின் சூடாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.