விலக்கு உள்ள விதிகளை ஆன்டாலஜியில் எழுதுவது எப்படி?

"பாலூட்டி குட்டி போடும்" என்பதை, ஆன்டாலஜி (வகுப்புகளையும் அவற்றின் விதிகளையும் கணினிக்குச் சொல்லும் தொகுப்பு) எழுத உதவும் ப்ரோட்டஜே மென்பொருளில் சாதாரண உள்வகுப்பு விதியாக எழுதினால், முட்டையிடும் மோனோட்ரீம்கள் உறுப்பினரே இருக்க முடியாத வெற்று வகுப்பாகிவிடும். அதில் ஒரு விலங்கைப் பதிந்தால் முழு ஆன்டாலஜியும் முரண்பட்டுவிடும். பிறகு எதைக் கேட்டாலும் "ஆம்" என்றாகிவிடும்.

முதலில் விதிகளைப் பிரியுங்கள். கறாரானவை: மோனோட்ரீம் பாலூட்டி, மோனோட்ரீம் முட்டையிடும், எக்கிட்னாவும் பிளாட்டிபஸும் மோனோட்ரீம்கள், பிளாட்டிபஸுக்கு முள் இல்லை, முட்டையிடுவதும் குட்டி போடுவதும் ஒன்றில் சேராது. கடைசி விதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் மோதலே தெரியாது. பிளாட்டிபஸ் இரண்டும் செய்யும் என்று விடை வரும்.

விலக்குக்கு இடம் தருபவை: பாலூட்டி குட்டி போடும், பாலூட்டிக்கு முடி உண்டு, மோனோட்ரீமுக்கு முள் உண்டு (இன்று வாழும் 5 இனங்களில் 4 எக்கிட்னா), பிளாட்டிபஸ் நீரில் இரை தேடும். இவற்றுக்கென, ஆன்டாலஜி எழுதும் ஓடபிள்யூஎல் மொழியில் தனிக் குறி கிடையாது. விதிமேல் ஒரு குறிப்பு இட்டு, ரீசனருக்கு (விதிகளிலிருந்து முடிவுகளை வருவிக்கும் நிரலுக்கு) கொடுக்குமுன் தனியே எடுத்துவிடுங்கள்.

இனி, விலக்குக்கு இடம் தரும் விதிகளுக்குத் தரவரிசை. 1992இல் லேமனும் மகிடோரும் வகுத்த ரேஷனல் குளோசர் என்ற முறை இதற்குப் போதும். "அ என்றால் ஆ" என்ற இத்தகைய ஒவ்வொரு விதியையும் "அ அல்லாதது அல்லது ஆ" என்று மாற்றி, எல்லாவற்றின் வெட்டையும் (பொதுவான பகுதியை) எடுங்கள். அந்த வெட்டோடு அ சேர்ந்தால் வெறுமையாகிறதா என்று ரீசனரைக் கேளுங்கள். வெறுமையானால் அ விலக்கு. அதன் விதிகள் அடுத்த சுற்றுக்குப் போகும். ஒரு விதி எந்தச் சுற்றோடு நின்றுவிடுகிறதோ, 0இலிருந்து எண்ணினால் அதுவே அதன் தரம். இங்கே பாலூட்டி விதிகள் இரண்டும் 0, முள் விதி 1, இரை விதி 2. ஒரு சுற்றில் எதுவுமே கழியாவிட்டால், மிஞ்சியவற்றைக் கறாரான பக்கம் மாற்றி மறுபடி தொடங்குங்கள். "அல்லாதது", "அல்லது" இரண்டும் வருவதால் எல்க் என்ற ரீசனர் உதவாது, ஹெர்மிட் என்ற ரீசனர் வேண்டும்.

கேள்வி வரும்போது எல்லா விதிகளோடும் தொடங்கி, மோதல் தீரும்வரை தர எண் குறைந்த விதிகளிலிருந்து கழியுங்கள். எக்கிட்னாவுக்கு 0 கழிந்தால் போதும். முள் உண்டு என்று வரும். பிளாட்டிபஸுக்கு 1உம் கழியும்.

ஆனால் 0 மொத்தமாகக் கழிவதால், எந்த மோதலிலும் சிக்காத முடி விதியும் கூடவே போய்விடும். இரண்டுக்குமே முடி உண்டு என்பதால் இது உண்மையான இழப்பு. சில இடங்களில்தான் என்றால் "மோனோட்ரீமுக்கு முடி உண்டு" என்று நேராகச் சேர்த்தாலும், பிளாட்டிபஸுக்குத் தனியே ஒன்று வேண்டும், ஏனெனில் அதற்கு 1ஆம் தரமும் கழிகிறது. பல இடங்களில் என்றால் லெக்ஸிகோகிராஃபிக் குளோசருக்கு மாறுங்கள். அது மோதும் விதியை மட்டும் விலக்கும். சேர்க்கைகள் பலவற்றைச் சோதிப்பதால் நேரம் கூடும்.

"பாலூட்டியை உண்ணும் விலங்கு" போன்ற வகுப்புகளில் கவனம்: உண்ணப்படும் பாலூட்டிக்கு இந்த முறையில் முடி விதி போய்ச் சேராது. அங்கே கறாரான விதிகள் மட்டுமே செல்லும்.