கப்பல் ஏறிய பிறகு அனுமதி தேடாதீர்கள்: இறக்குமதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இறக்குமதி வியாபாரத்துக்குப் புதிதாக வரும் இளைஞர்களுக்குத் தூத்துக்குடியில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. ஐ.இ.சி. எண் (இறக்குமதி-ஏற்றுமதிக்கு வேண்டிய அடையாள எண்) இல்லாமல் யாரும் வருவதில்லை. அதனால் அந்த அடிப்படைகளை விட்டுவிடுகிறேன்.

பழைய சாமானுக்கு அனுமதி வேண்டாம் என்று நினைப்பது

இந்தத் தவறைப் பார்த்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. பினாங்கில் யாரோ வீடு காலி செய்கிறார்கள், தேக்கு அலமாரி, பீங்கான், எனாமல் தூக்கு எல்லாம் சல்லிசாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டதும், காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்றுவிடலாம் என்று பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். எச்.எஸ். கோடு (சரக்கை வகைப்படுத்தும் எண்) பட்டியலில் அலமாரிக்கு நேரே 'தடையில்லை' என்று பார்த்ததும் நிம்மதி. அது புதுச் சரக்குக்கான பதில். இயந்திரம் போன்ற மூலதனப் பொருள் அல்லாத, பயன்படுத்திய சரக்கு எல்லாமே நம் வர்த்தகக் கொள்கையில் கட்டுப்படுத்தப்பட்டது. டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) உரிமம் வேண்டும்.

குழப்பத்தின் வேர் நம் ஊரிலேயே இருக்கிறது. "எங்க பெரியப்பா கோலாலம்பூர்லேர்ந்து வரும்போது வீட்டோட கொண்டாந்தாங்களே" என்பார்கள். வெளிநாட்டில் குடியிருந்துவிட்டு ஊர் திரும்புகிறவர் சொந்தச் சாமானைக் கொண்டுவரச் சலுகை உண்டு. விற்பதற்கு வரும் சரக்குக்கு அது பொருந்தாது.

தேவகோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கண்டெய்னர் இறங்கிய பிறகுதான் என்னிடம் வந்தார். "அண்ணே, இப்ப அப்ளை பண்ணிட்டாப் போதும்ல?" போதாது. சரக்கு ஏறும் முன்பே உரிமம் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 111ஆம் பிரிவில் பறிமுதல், 125இல் சரக்கை மீட்க அபராதம், அதற்கு மேல் 112இல் தண்டம். விசாரணை நடக்கும் நாளெல்லாம் சரக்கு கிடப்பதற்குத் துறைமுகத்துக்கு டெமரேஜ், கண்டெய்னரைத் திருப்பித் தராததற்குக் கப்பல் கம்பெனிக்கு டிடென்ஷன் என்று இரண்டு மீட்டரும் தனித்தனியாக ஓடும். திருப்பி அனுப்புவதென்றாலும் கப்பல் கூலி நம் தலையில். அவருக்கு விற்றவர், "எல்லா ஊருக்கும் அனுப்புறோம், பிரச்சினையே வராது" என்றாராம். விற்கிறவருக்கு நம் சட்டத்தைப் பற்றி என்ன கவலை? பறிபோவது நம் பணம். முன்பணம் கொடுப்பதற்கு முன் சுங்கத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் கேட்டிருந்தால் அந்தத் தம்பி தப்பித்திருப்பார்.

மரத்தில் ஒரு நாட்டின் விதியை மட்டும் பார்ப்பது

பர்மாத் தேக்கு என்றால் நமக்கு உயிர். ஆனால் மியான்மர் 2014 ஏப்ரலிலிருந்து உருட்டுக் கட்டைகளை ஏற்றுமதி செய்யத் தடை போட்டிருக்கிறது. இங்கே அனுமதி கிடைத்தாலும் அங்கே ஏற்ற முடியாத சரக்கு உண்டு. அதோடு இங்கே தாவரப் பாதுகாப்பு விதிகளும் உண்டு. ஏற்றுமதி நாடு தரும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் மரம் வெளியே வராது.

சரக்கு மரமே இல்லை, டைல்ஸ்தான் என்றாலும் அடியில் இருக்கும் பலகையைப் பாருங்கள். அதில் ஐ.எஸ்.பி.எம். 15 (மரப் பொதியில் பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி) முத்திரை வேண்டும். மரத்தின் உள்மையம் வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தது, அல்லது புகையூட்டியது என்பதற்கான அடையாளம் அது. டைல்ஸ் காகிதம் எல்லாம் சரியாக இருந்து, பலகையால் சரக்கு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

மிளகு

சி.ஐ.எஃப். விலை (சரக்கு, காப்பீடு, கப்பல் கூலி சேர்ந்த விலை) கிலோ 500 ரூபாய்க்குக் கீழே என்றால் தடை என்று 2018இல் அறிவிப்பு வந்தது. இலங்கையில் மலிவு என்று கிளம்பாதீர்கள்.

பொம்மை

2021 ஜனவரி 1 முதல் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை கட்டாயம். அந்த முத்திரைக்கான உரிமம் வெளிநாட்டுத் தயாரிப்பாளர் பெயரில் இருக்க வேண்டும். அதைக் காட்டாதவரிடம் விலையே பேச வேண்டாம்.

ஐ.இ.சி. புதுப்பிப்பு

மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் ஆன்லைனில் உறுதிசெய்யுங்கள். விட்டால் எண் முடங்கும்.

பழைய அறிவிப்பை நம்புவது

போன வருடம் தாராளமாக வந்த சரக்கு இந்த வருடம் கட்டுப்பாட்டில் இருக்கலாம். ஆர்டர் போடும் அன்றும், சரக்கு ஏற்றும் வாரத்திலும் டி.ஜி.எஃப்.டி. தளத்தில் அந்த எச்.எஸ். கோடைப் பாருங்கள். நடுவில் விதி மாறினால் பில் ஆஃப் லேடிங் (சரக்கு ஏறியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது) தேதியைத்தான் முதலில் கேட்பார்கள்.