பெயரில்லாத கல்மீன்

பெரியப்பா விட்டுப்போன பிஸ்கட் டின்னில், உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கல்மீன், அதாவது கல்லில் பதிந்த பழங்கால மீனின் புதைபடிவம். வெளிர்மஞ்சள் கல், பழுப்பு எலும்பு. பெயர்ச்சீட்டு இல்லை. மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் இதை யாரிடம் போய்க் கேட்பது?

முதலில் சீனாவில் கிடைக்கும் லைகோப்டெரா என்ற கல்மீன் என்றே நினைத்தேன். அதற்கு முதுகுத்துடுப்பு பின்தள்ளி, குதத்துடுப்புக்கு (வாலுக்கு முன்னே அடிப்பக்கத் துடுப்பு) மேலே இருக்கும், இதற்கு நடுமுதுகில். பிறகு லென்ஸில் பார்த்தால், வயிற்று விளிம்பில் ரம்பப்பல் மாதிரி செதில்கள்! பசாரில் வாங்கிய மத்தியின் வயிற்றைத் தடவினேன். அதே சொரசொரப்பு. மத்திக்கு உறவுதான்!

வாய் மேல்நோக்கி, குதத்துடுப்பும் நீண்டிருந்தால் டிப்ளோமிஸ்டஸ் என்ற இன்னொரு கல்மீன். இதில் இரண்டும் இல்லை. ஆகவே மத்திக்கு உறவான நைட்டியா என்ற கல்மீன்: அமெரிக்காவின் வயோமிங், கிரீன் ரிவர் பாறை, சுமார் 5 கோடி ஆண்டு. சீட்டு எழுதி ஒட்டிவிட்டேன்.

துடைக்கிறேன் என்று வினிகர் மட்டும் ஊற்றாதீர்கள், சுண்ணாம்புக்கல் கரைந்துவிடும்.