ஷெல் மொழியின் நூலகத்தைத் தொகுதிகளாகப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் நாங்கள் நால்வர் சேர்ந்து, சுற்று வட்டாரத்துப் பழைய வீடுகளில் கிடைக்கும் பேரேடுகளையும் ஐந்தொகைகளையும் ஸ்கேன் செய்து அடுக்கி வைக்கும் பணியைச் செய்துவருகிறோம். ஒரு பேரேட்டுக்கு நூற்றுக்கணக்கான படக்கோப்புகள் சேர்ந்துவிடும். அவற்றுக்குப் பெயரிடுவது, நகலெடுப்பது, விடுபட்ட பக்கங்களைக் கண்டறிவது எல்லாம் ஷெல் நிரல்களின் வேலை (தட்டச்சு செய்யும் கட்டளைகளை வாங்கிக் கணினியில் ஓட்டுவதுதான் ஷெல்). தொடக்கத்தில் பாஷ் என்னும் பரவலான ஷெல்லில் எழுதப்பட்ட அந்நிரல்கள், நாளடைவில் தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாகக் கொண்ட ஒரு சிறு ஷெல் மொழியாக வளர்ந்தன. மொழியை எழுதியது எளிதாகவே இருந்தது. அதனுடைய அடிப்படை நூலகத்தை, அதாவது எல்லா நிரல்களும் எடுத்தாளும் ஆயத்த நிரல்துண்டுகளின் திரட்டை, தொகுதிகளாகப் பிரிக்கும் வேலையைத்தான் மூன்று முறை கலைத்துக் கட்ட வேண்டியதாயிற்று. சொந்தமாக ஷெல் மொழி செய்பவர்களுக்கும், பாஷிலேயே பெரிய நூலகம் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால், அதில் கற்றவற்றை எழுதுகிறேன்.

பைதான் போன்ற மொழியில் ஒரு பெயரை எழுதினால் அது அந்த நிரலுக்குள் மட்டுமே தேடப்படும். ஷெல்லில் அப்படி இல்லை. வரியின் முதற்சொல் ஒரு செயற்கூறாக (பெயரிட்டு வைத்த நிரல்துண்டாக) இருக்கலாம், உள்ளமைந்த கட்டளையாக இருக்கலாம், கணினியின் ஏதோ ஓர் அடைவில் (கோப்புறையில்) கிடக்கும் வெளி நிரலாகவும் இருக்கலாம். ஷெல் ஒரு வரிசைப்படி தேடி, முதலில் அகப்படுவதை ஓட்டிவிடுகிறது. ஆகவே நூலகத்தில் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு பெயரும், ஏற்கெனவே பலர் குடியிருக்கும் தெருவில் புதிதாகக் குடிபுகும் பெயராகும். இதை மறந்துவிட்டு, எழுதுகிறவரின் வசதிக்கு ஏற்பத் தொகுதிகளைப் பிரிப்பதுதான் மற்றத் தவறுகளுக்கெல்லாம் வேர் என்பது என் முடிவு.

எல்லாச் செயற்கூறுகளையும் முன்னொட்டு இல்லாமல் பொதுவெளியில் வைத்துவிடுவது அந்த வேரிலிருந்து கிளைக்கும் முதல் தவறு. எங்கள் முதல் நூலகத்தில் ‘நகல்’, ‘நீளம்’, ‘இணை’ என்ற பெயர்கள் தனித்தனியே நின்றன. சரங்களை (எழுத்துத் தொடர்களை) இணைப்பதற்கு ஓர் ‘இணை’, கோப்புப் பாதைகளை இணைப்பதற்கு இன்னோர் ‘இணை’ என்று இரண்டு தேவைப்பட்டபோது, பின்னால் ஏற்றப்பட்டது முன்னதைச் சத்தமின்றி அழித்தது. பாஷிலும் இதுவே நடக்கும்: ஒரே பெயரில் இரண்டாவது செயற்கூற்றை வரையறுத்தால் எந்த எச்சரிக்கையும் வராது.

இதற்கான தீர்வு எங்கள் ஊரில் எவரும் அறிந்ததே. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால், நகரத்தார் ஊர்களில் ஒரே பெயர் பலருக்கு இருக்கும். அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் விலாசம் என்னும் முன்னெழுத்துகள் உண்டு. கடைப் பலகையிலும் கணக்கேட்டிலும் கல்யாணச் சாமான்களிலும் அந்த எழுத்துகள் இருப்பதால்தான் எந்த வீட்டுக்காரர், எந்த வீட்டு அண்டா என்பது குழப்பமின்றித் தெரிகிறது. செயற்கூறுகளுக்கும் அத்தகைய விலாசம் வேண்டும். எல்விஷ் ஷெல் தொகுதியின் பெயருக்குப் பின் முக்காற்புள்ளி இட்டுச் செயற்கூற்றின் பெயரைச் சேர்க்கிறது. ஃபிஷ் ஷெல், ‘ஸ்ட்ரிங்’, ‘பாத்’ என்ற தலைச்சொற்களை வைத்து, அவற்றின் கீழே துணைக்கட்டளைகளை அடுக்குகிறது. பாஷில் உண்மையான பெயர்வெளி (ஒரே பெயர் வெவ்வேறு தொகுதிகளில் மோதாமல் இருக்கும் ஏற்பாடு) கிடையாது என்றாலும், ‘பாதை_இணை’ என்று அடிக்கோடிட்டு எழுதும் ஒழுங்கை எல்லாரும் கடைப்பிடித்தால் அதுவே பெருமளவு போதும். (பாஷில் தமிழ்ப் பெயர் வைக்கத் தயங்குபவர்கள் இதே ஒழுங்கை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளலாம்.)

ஆனால் விலாசமும் அளவோடு இருக்க வேண்டும். எங்கள் இரண்டாவது முயற்சியில் ‘நூலகம்:உரை:சரம்:எழுத்து:நீளம்’ என்று ஐந்து அடுக்குகளை வைத்தோம். வரைபடமாகப் பார்க்கையில் அழகாக இருந்த அந்த அமைப்பை, கட்டளைவரியில் தட்டச்சு செய்ய எவருக்கும் பொறுமை இல்லை. ஒரே வாரத்தில் ஒவ்வொருவரும் தத்தம் சுருக்கப்பெயர்களை வைத்துக்கொண்டார்கள், ஒருவர் எழுதிய நிரல் மற்றவர் கணினியில் ஓடாமற்போயிற்று. ஷெல்லில் நூலகத்தை நிரலாகவும் எழுதுகிறோம், உரையாடலாகவும் தட்டச்சு செய்கிறோம். தொகுதி, செயற்கூறு என்ற இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

‘உதவிகள்’, ‘பொது’ என்ற பெயரில் ஒரு தொகுதி வேண்டவே வேண்டாம். எங்கு வைப்பது என்று தெரியாதவை எல்லாம் அங்கே போய்ச் சேரும். பிறகு எல்லாத் தொகுதிகளும் அதைச் சார்ந்திருக்கும், அதுவும் எல்லாவற்றையும் சார்ந்திருக்கும்.

அடுத்தது, வெளி நிரலின் பெயரையே எடுத்துக்கொண்டு வேறு நடத்தை தருவது. ‘கர்ல்’, ‘விகெட்’ இரண்டும் வலையிலிருந்து கோப்புகளை இறக்கும் நிரல்கள்; விண்டோஸ் பவர்ஷெல்லில் அந்தப் பெயர்கள் பவர்ஷெல்லின் சொந்தக் கட்டளை ஒன்றுக்கு மாற்றுப்பெயர்களாக இருந்தன. உண்மையான கர்லுக்கு எழுதிய விருப்பத்தேர்வுகளை அந்தக் கட்டளை ஏற்காது என்பதால், வலைப்பக்கங்களில் பார்த்த எடுத்துக்காட்டுகளை அப்படியே ஒட்டியவர்கள் குழம்பினார்கள். 2018-இல் வெளியான பவர்ஷெல் 6-இல் அந்த மாற்றுப்பெயர்கள் நீக்கப்பட்டன. மறுதிசையிலும் இதே சிக்கல் உண்டு: புதிதாகக் கற்பவர் தம் முதல் நிரலுக்கு ‘டெஸ்ட்’ என்று பெயரிட்டு ஓட்டுகிறார், திரையில் எதுவும் வருவதில்லை, ஏனெனில் ஷெல்லில் உள்ளமைந்த அதே பெயருடைய கட்டளை ஓடி முடிந்துவிடுகிறது. தொகுதிப் பெயரைத் தேர்ந்தெடுக்கும் முன், அந்தப் பெயரில் கணினியில் வேறு ஏதேனும் இருக்கிறதா என்று ‘டைப்’ கட்டளையால் பார்த்துவிடுங்கள்.

எங்களுக்கு உண்மையான இழப்பை உண்டாக்கியது, தொகுதிக் கோப்பைத் தேடும் முறையில் நேர்ந்த தவறு. அப்போது இன்னும் பாஷிலேயே இருந்தோம். முதன்மை நிரலின் தலைப்பில், வேறொரு கோப்பை ஏற்றும் ‘சோர்ஸ்’ கட்டளைக்குப் பின் நூலகக் கோப்பின் பெயரை மட்டும் எழுதியிருந்தோம்; அடைவின் பாதையைக் குறிப்பிடவில்லை. சாய்கோடு இல்லாத பெயரைக் கொடுத்தால் பாஷ் முதலில், நிரல்களைத் தேடும் இடங்களைப் பட்டியலிடும் ‘பாத்’ மாறியில் உள்ள அடைவுகளில் தேடும், அங்கே இல்லையென்றால் நாம் நிற்கும் அடைவில் தேடும். பகலில் நாங்கள் வேலை செய்யும் அடைவில் இருந்தே ஓட்டியதால் சரியான கோப்பு அகப்பட்டது. இரவில் கிரான் (குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாகத் தொடங்கும் வசதி) ஓட்டியபோது, அது பயனரின் இல்ல அடைவில் இருந்து தொடங்கும். அங்கே அதே பெயரில், ஓராண்டுக்கு முந்தைய நூலகத்தின் படி ஒன்று கிடந்தது. பழைய ‘நகல்’ செயற்கூறு, சேருமிடத்தில் ஏற்கெனவே கோப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் மேலெழுதும் வகையைச் சேர்ந்தது. விடிந்து பார்த்தபோது ஒரு பேரேட்டின் 40 பக்கங்கள் வேறொரு பேரேட்டின் பக்கங்களால் மூடப்பட்டிருந்தன. தொட்டால் ஓரம் உதிரும் அந்தத் தாள்களை மறுபடியும் ஒவ்வொன்றாகப் புரட்டி ஸ்கேன் செய்தோம். ஒருமுறை புரட்டுவதே அவற்றுக்குச் சுமை.

எனவே நூலகத்தின் இருப்பிடத்தை, நாம் நிற்கும் அடைவை வைத்துக் கணக்கிடக் கூடாது. அழைக்கும் நிரல் எங்கே இருக்கிறதோ அதை வைத்துக் கணக்கிட வேண்டும். பாஷில் ‘பாஷ்_சோர்ஸ்’ என்ற மாறி ஓடிக்கொண்டிருக்கும் கோப்பின் பாதையைத் தருகிறது. புதிய மொழி செய்பவர்கள் இதைப் பயனரின் பொறுப்பில் விடாமல், தொகுதியை ஏற்றும் கட்டளையிலேயே விதியாக்கிவிடுங்கள். நிற்கும் அடைவு தேடும் இடங்களில் ஒன்றாக இருக்கவே கூடாது. அடிப்படை நூலகத்தின் பதிப்பும் மொழியின் பதிப்பும் பொருந்தவில்லை என்றால் ஏற்ற மறுப்பதும் நல்ல காப்பு.

ஏற்றும்போதே வேலை செய்யத் தொடங்கும் தொகுதிகளும் தொல்லை தருபவை. ஷெல் ஒரு நாளில் எத்தனையோ முறை தொடங்கி முடிகிற நிரல். ஒவ்வொரு முறையும் முழு நூலகத்தையும் படித்தால் அந்தத் தாமதம் விரல்நுனியில் தெரியும். இசட்ஷெல் இதற்கென ‘ஆட்டோலோட்’ வசதியை வைத்திருக்கிறது: பெயர் மட்டும் முதலில் பதிவாகும், செயற்கூற்றின் உடல் முதல் அழைப்பின்போதுதான் கோப்பில் இருந்து படிக்கப்படும். ஃபிஷும் செயற்கூற்றின் பெயரையே கோப்பின் பெயராகக் கொண்டு, தேவைப்படும்போது ஏற்றுகிறது. நூஷெல்லின் ஆவணம், நூலகம் முழுவதையும் அழைக்காமல் தேவையான துணைத்தொகுதியை மட்டும் அழைக்குமாறு பரிந்துரைக்கிறது. இவை எல்லாம் சாத்தியமாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: தொகுதிக் கோப்பில் வரையறைகள் மட்டுமே இருக்க வேண்டும். அடைவை மாற்றுவது, தற்காலிகக் கோப்பை உருவாக்குவது, சொற்களைப் பிரிக்கும் குறிகளை வைத்திருக்கும் ‘ஐஎஃப்எஸ்’ மாறியைத் திருத்துவது, பிழை வந்தால் நிற்கும்படி ‘செட்’ கட்டளையால் அமைப்பது ஆகியவற்றை ஒரு தொகுதி தன் மேல்மட்டத்தில் செய்தால், அந்த மாற்றம் அழைத்தவரின் நிரல் முழுவதற்கும் பரவிவிடும். பாஷில் ‘லோக்கல்’ என்று அறிவித்த மாறியைக்கூட, அந்தச் செயற்கூறு அழைக்கும் பிற செயற்கூறுகள் பார்க்கவும் மாற்றவும் முடியும் என்பதை நினைவில் வையுங்கள்.

தொகுதிக்குள் வெளியாருக்கு உரியது, உள்ளே புழங்குவது என்ற பிரிவும் வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் வந்தவரை முகப்பில் அமர்த்துவார்கள்; இரண்டாங்கட்டுக்கு அப்பால் நடக்கும் சமையல் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. பவர்ஷெல் தொகுதிகள் எதை வெளியே காட்டுவது என்பதை ஆசிரியரே அறிவிக்க இடம் தருகின்றன. அத்தகைய வசதி இல்லாத மொழியில், உட்பெயர்களுக்கு முன் இரண்டு அடிக்கோடுகளை இடுவது வழக்கம். உட்பெயரை ஒருவர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால் அதை நீங்கள் மாற்றவே முடியாமற்போகும்.

செயற்கூறு தன் விடையை வெளியீட்டு ஓடையில் அச்சிடுவதுதான் ஷெல்லின் இயல்பு. அதே ஓடையில் ‘3 கோப்புகள் நகலெடுக்கப்பட்டன’ என்ற பதிவுச் செய்தியையும் அனுப்பினால், அழைத்தவர் அந்தச் செய்தியையும் ஒரு கோப்பின் பெயராக எடுத்துக்கொள்வார். பதிவுத் தொகுதி எதுவாயினும், பிழைச் செய்திகளுக்கெனத் தனியே உள்ள பிழை ஓடையில் மட்டுமே எழுத வேண்டும்.

சரங்களுக்கான தொகுதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழில் வேலை செய்பவர்களை இது நேரடியாகப் பாதிக்கிறது. ‘செட்டிநாடு’ என்ற சொல்லின் நீளம் என்ன? படிப்பவருக்கு 5 எழுத்துகள். யூனிகோடு குறியீடுகளாக எண்ணினால் 10, ஏனெனில் ஒவ்வோர் எழுத்தும் இங்கே மெய்யும் குறியுமாக இரண்டு குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்படும் பைட்டுகளாக எண்ணினால் 30. பாஷின் நீளக் கணக்கு மொழிச்சூழலை (கணினியின் மொழி, எழுத்துமுறை அமைப்பை) பொறுத்தது: யூடிஎஃப்-8 மொழிச்சூழலில் 10 என்றும், ‘சி’ மொழிச்சூழலில் 30 என்றும் சொல்லும். கிரானில் மொழிச்சூழல் பெரும்பாலும் அமைக்கப்படாததால், பகலில் 10 சொன்ன அதே நிரல் இரவில் 30 சொல்லக்கூடும். ‘சரம்:நீளம்’ என்ற ஒரே செயற்கூற்றை வைத்துவிட்டு இந்த மூன்றில் எது என்று சொல்லாமல் விடுவது பெரிய தவறு. நாங்கள் இப்போது எழுத்துகளை ‘சரம்’ தொகுதியிலும், குறியீடுகளை ‘குறியீடு’ தொகுதியிலும், பைட்டுகளை ‘பைட்’ தொகுதியிலும் பிரித்து வைத்திருக்கிறோம். எழுத்து எண்ணிக்கைக்கு யூனிகோடின் பொது விதி மட்டும் போதாது. ‘ஸ்ரீ’ என்பதை அந்த விதி இரண்டாகப் பிரிக்கிறது, நாம் ஒன்றாகப் படிக்கிறோம். மொழி சார்ந்த இத்தகைய திருத்தங்களைப் பொதுத் தொகுதிக்குள் புதைக்காமல் தனித்து வைக்க வேண்டும்.

பார்வைக்கு ஒன்றாயிருந்தும் உள்ளே வேறுபடும் பெயர்கள் இன்னும் கடினமானவை. ‘கோவிலூர்’ என்பதன் முதல் எழுத்தை, ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாகவும் எழுதலாம். முன்கொம்பும் பின்காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். முன்னதில் மொத்தம் 8 குறியீடுகள், பின்னதில் 9. ஆப்பிள் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அத்தகைய வட்டில் இருந்து வந்த படக்கோப்புகளை எங்கள் அட்டவணையோடு ஒப்பிட்டபோது, கண்ணெதிரே இருக்கும் கோப்பை ‘இல்லை’ என்று நிரல் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு வடிவங்களையும் ஒரே வடிவுக்கு மாற்றும் ஒருமைப்படுத்தல் சரத்துக்கு உரியதா, பாதைக்கு உரியதா என்று எங்களுக்குள் நெடுநேரம் வாதம் நடந்தது. ஒருமைப்படுத்தும் செயல் ‘சரம்’ தொகுதியில் இருக்கட்டும், ‘பாதை’ தொகுதி ஒப்பிடும்போது மட்டும் அதைப் பயன்படுத்தட்டும், கோப்பைத் திறக்கும்போது இயங்குதளம் தந்த பைட்டுகளை மாற்றாமல் அப்படியே கொடுக்கட்டும் என்று முடிவு செய்தோம். திறக்கும்போதும் ஒருமைப்படுத்தினால், சில கோப்பு முறைமைகளில் அந்தக் கோப்பே அகப்படாது.

தொகுதிகள் ஒன்றையொன்று சுற்றிச் சார்ந்திருக்கவும் விடாதீர்கள். எங்கள் பதிவுத் தொகுதி நேரத் தொகுதியை அழைத்தது, நேரத் தொகுதி சரத் தொகுதியை அழைத்தது, சரத் தொகுதி பிழையைச் சொல்லப் பதிவுத் தொகுதியை அழைத்தது. சரத் தொகுதி பிழைக்குறியை மட்டும் திருப்பித் தரும்படி மாற்றியதும் அந்த வளையம் அறுந்தது.

இவ்வளவு கவனமாகப் பிரித்தாலும், ஒருநாள் பெயர்களை இடம் மாற்ற வேண்டியிருக்கும். அப்போது பழைய பெயரை அன்றே எடுத்துவிடுவது தவறு. பைதான் தன் ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ தொகுதியை 2021-இல் வெளியான 3.10-இல் கைவிடப்படுவதாக அறிவித்து, 2023-இல் வெளியான 3.12-இல்தான் நீக்கியது. அவ்வளவு அவகாசம் தந்தும் பல நிரல்கள் நின்றன. ஷெல் நிரல்களின் நிலை அதைவிட மோசம், ஏனெனில் அவை யாரும் எட்டிப் பார்க்காத கிரான் அட்டவணைகளில் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பவை. பழைய பெயர் புதிய பெயரை அழைக்கும் ஒற்றை வரிச் செயற்கூறாகச் சில பதிப்புகளுக்கு இருக்கட்டும். அழைக்கப்படும்போதெல்லாம், எந்தக் கோப்பின் எந்த வரியில் இருந்து அழைப்பு வந்தது, எந்தப் பதிப்பில் அந்தப் பெயர் மறையும் என்ற இரண்டையும் பிழை ஓடையில் எழுதட்டும். கிரானின் பிழை வெளியீட்டை ஒரு கோப்பில் சேர்த்து வைத்து, அந்தப் பழைய பெயர் ஒரு மாதம் முழுவதும் அதில் தென்படவில்லை என்று கண்ட பிறகே நாங்கள் அதை நீக்குகிறோம். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் நிரல் ஒன்று எங்களிடம் இருப்பதால் அந்த ஒரு மாதக் கணக்கு.