வளர்ப்பு நாய்க்குச் ‘சேவை நாய்’ அங்கி: அமெரிக்காவில் பலர் செய்யும் தவறுகள்

இணையத்தில் சில நிமிடம் செலவழித்தால் போதும். நாயின் பெயர், புகைப்படம், கடன் அட்டை எண் மூன்றையும் கொடுத்தால், பதிவு எண் அச்சிட்ட அடையாள அட்டை, பொன்னிறக் கரை போட்ட சான்றிதழ், ‘சேவை நாய், தொடாதீர்கள்’ என்று எழுதிய சிவப்பு அங்கி எல்லாம் ஒரு பெட்டியில் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். நாய்க்கு என்ன வேலை தெரியும் என்று யாரும் சோதிப்பதில்லை. பூனையின் படத்தை அனுப்பினாலும் அட்டை அச்சாகும் என்றே நினைக்கிறேன்.

மாற்றுத்திறனாளிக்கு உதவும் சேவை நாயை, வளர்ப்பு நாய்க்கு இடமில்லாத கடையும் உள்ளே விட வேண்டும். அதனால் அந்த அங்கியை மாட்டி வளர்ப்பு நாயை உணவகத்துக்கும் மளிகைக் கடைக்கும் அழைத்துப் போகிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே நாய் வளர்க்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் யாராவது ஒரு நண்பர் இந்த யோசனையைச் சொல்லியிருப்பார்: “விமானத்தில் நாய்க்கு எதற்குத் தனியாகக் கட்டணம் கட்டுகிறீர்கள்? சர்வீஸ் டாக் என்று பதிந்துவிடுங்கள்.” கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனாலும் அது சட்டப்படியும் தவறு, அறப்படியும் தவறு.

அட்டை வந்தால் பதிவாகிவிட்டது என்று நம்புவது

1990-இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம்தான் இதற்கு அடிப்படை. ஒருவருடைய குறைபாட்டோடு நேரடித் தொடர்புள்ள ஒரு வேலையைச் செய்யத் தனியாகப் பழக்கப்பட்ட நாய்தான் அதன்படி சேவை நாய். 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்த விதிகள் நாயைத் தவிர மற்ற விலங்குகளை இந்த வரையறையிலிருந்து நீக்கிவிட்டன. (குட்டை இனக் குதிரைக்கு மட்டும் தனியாக ஒரு விதி உண்டு. கடைக்குள் அதைப் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குக் குறைவு.)

வேலை என்றால் என்ன? பார்வையற்றவரைத் தெருவில் வழிநடத்துவது. காது கேளாதவரிடம், அழைப்பு மணியோ தீ எச்சரிக்கை மணியோ அடிக்கும்போது ஓடி வந்து தொட்டுச் சொல்வது. சக்கர நாற்காலியில் இருப்பவர் கீழே போட்ட சாவியை எடுத்துக் கொடுப்பது. போரிலிருந்து திரும்பிய வீரர் கெட்ட கனவில் புரளும்போது எழுப்பிவிடுவது. நாய் மடியில் படுத்திருந்தால் மனம் லேசாகிறது என்பதை நாய் வளர்த்த யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் சட்டம் அதை வேலையாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கடும் பதற்றம் வரப்போவதை உணர்ந்து, அதைத் தடுக்கவோ தணிக்கவோ குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்ய நாய் பழகியிருந்தால் அது சேவை நாய். கூட இருப்பதே ஆறுதல் என்றால் அது வளர்ப்பு நாய்தான்.

சேவை நாய்களுக்கென்று அரசுப் பதிவேடு எதுவும் அமெரிக்காவில் கிடையாது. இணையத்தில் விற்கும் சான்றிதழ்கள் எந்த உரிமையையும் தருவதில்லை என்றும், அவற்றை ஆதாரமாக ஏற்பதில்லை என்றும் அந்நாட்டு மத்திய அரசின் நீதி அமைச்சகமே தெளிவுபடுத்தியிருக்கிறது. அங்கியும் கட்டாயமில்லை. ஆகவே அந்தப் பெட்டிக்குப் பணம் கட்டியவர் வாங்கியது ஒரு வேடம் மட்டுமே.

அப்படியானால் அரசே ஓர் அட்டை கொடுத்துத் தொலைக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஜப்பான் அந்த வழியில்தான் போனது. 2002-இல் அங்கே வந்த சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற அமைப்பு சோதித்துச் சான்று தர வேண்டும். அமெரிக்கா வேண்டுமென்றேதான் அப்படிச் செய்யவில்லை. தொழில்முறைப் பயிற்சி பெற்ற ஒரு நாய்க்குப் பல்லாயிரம் டாலர் செலவாகிறது, காத்திருப்புப் பட்டியலும் நீளம். அதனால் மாற்றுத்திறனாளி தன் நாயைத் தானே பழக்கிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. போகிற வாசலில் எல்லாம் காகிதத்தை எடுத்துக் காட்டும் அவமானத்தை யாருக்கும் தரக் கூடாது என்பதும் ஒரு காரணம். எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. ஆனால் காகிதத்தை விட்டுவிட்டுச் சொல்லை நம்பும் சட்டத்தில் பொய் சொல்வது மிகச் சுலபம்.

மூன்று சட்டங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்வது

வாடகை வீடு, விமானம், பொது இடம் மூன்றுக்கும் விதி வேறு வேறு. வீட்டைப் பொறுத்தவரை அமெரிக்க நியாய வீட்டுவசதிச் சட்டம் தாராளமானது. மனநலக் குறைபாடு உள்ளவருக்கு உண்மையிலேயே தேவைப்படும் துணை விலங்கை, பயிற்சி இல்லாவிட்டாலும், ‘இங்கே செல்லப்பிராணிக்கு இடமில்லை’ என்ற காரணத்தைக் காட்டி மட்டும் மறுத்துவிட முடியாது. அதற்கு மருத்துவரோ மனநல ஆலோசகரோ தரும் கடிதம் உதவும். அதே கடிதத்தை எடுத்துக்கொண்டு உணவகத்துக்குப் போனால் அங்கே அதற்கு மதிப்பில்லை. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான்.

கடிதத்தையும் சும்மா வாங்கிவிட முடியாதபடி சில மாநிலங்கள் செய்துவிட்டன. கலிஃபோர்னியாவில் 2022 முதல், துணை நாய்க்குக் கடிதம் தருபவர் அந்த நபருடன் குறைந்தது 30 நாளாவது சிகிச்சைத் தொடர்பில் இருந்திருக்க வேண்டும். ஐந்து நிமிடக் கேள்வித்தாளை நிரப்பினால் கடிதம் என்ற வியாபாரத்துக்கு வைத்த பூட்டு அது.

விமானத்தில் நடந்த கூத்து இன்னும் பெரியது. முன்பு மனத்துணை, அதாவது மன ஆறுதலுக்குத் தேவையான விலங்கு, என்று மனநல நிபுணரின் கடிதம் இருந்தாலே கட்டணமின்றி ஏற்ற வேண்டியிருந்தது. 2018 ஜனவரியில் நியூவர்க் விமான நிலையத்தில் ஒருவர் தன் மயிலோடு வந்து நின்றார். விமான நிறுவனம் ஏற்ற மறுத்த அந்தப் படத்தை உலகமே பார்த்துச் சிரித்தது. பறவையைப் பார்த்து நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் காலத்தில் பழக்கப்படாத நாய்கள் விமானத்தில் பயணிகளைக் கடித்த சம்பவங்களும் நடந்தன. 2021 ஜனவரி 11 முதல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் புதிய விதி அமலுக்கு வந்தது. மனத்துணை விலங்கைச் சேவை விலங்காக ஏற்க வேண்டிய கட்டாயம் விமான நிறுவனங்களுக்கு இப்போது இல்லை. சேவை நாய் என்றால் அதன் உடல்நலம், நடத்தை, பயிற்சி பற்றிப் படிவத்தில் உறுதிமொழி கேட்கலாம். அந்தப் படிவத்தில் பொய் எழுதுவது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். சின்ன நாயைக் கூடையில் வைத்து, கட்டணம் கட்டி, இருக்கைக்கு அடியில் கொண்டுபோகும் வசதியைப் பல நிறுவனங்கள் தருகின்றன. நேர்மையான வழி அதுதான், கொஞ்சம் செலவாகும்.

‘யாருக்கு என்ன நஷ்டம்?’ என்று கேட்பது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இந்தக் கேள்வி.

1928-இல், நாஷ்வில் நகரைச் சேர்ந்த மாரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞர், சுவிட்சர்லாந்தில் பயிற்சி பெற்ற பட்டி என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் நாயோடு நியூயார்க்கில் வந்து இறங்கினார். நிருபர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வண்டிகள் சீறிப் பாயும் வெஸ்ட் தெருவை அந்த நாயை நம்பியே கடந்து காட்டினார். மறு ஆண்டு ‘தி சீயிங் ஐ’ என்ற வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கப்பட்டது. தெருவைக் கடப்பதைவிட ஹோட்டல் வாசலைக் கடப்பதுதான் கடினமாக இருந்தது. ஊர் ஊராகப் போய், ரயிலிலும் உணவகத்திலும் நாயை அனுமதிக்கச் சொல்லி அவர் வாதாட வேண்டியிருந்தது. அப்படி அங்குலம் அங்குலமாகப் பெற்ற அனுமதியைத்தான் இன்று சிலர் கட்டணத்தை மிச்சப்படுத்தச் செலவழிக்கிறார்கள்.

ஒரு வழிகாட்டி நாய் உருவாவதைப் பாருங்கள். குட்டியை ஒரு வயது தாண்டும் வரை தன்னார்வக் குடும்பம் வளர்க்கிறது. கடைத்தெரு, படிக்கட்டு, பஸ் இரைச்சல் எல்லாவற்றுக்கும் அது அங்கேயே பழகுகிறது. பிறகு பல மாதம் பயிற்சியாளரிடம். அதன் பிறகு, உரிமையாளராகப் போகிறவரோடு சேர்ந்து சில வாரம். அது கற்கும் பாடங்களில் கடினமானது, கட்டளையை மீறுவது. ‘போ’ என்று எஜமானர் சொன்னாலும் கார் வருகிறது என்றால் நகரக் கூடாது. அந்த முடிவை எடுக்க நாயின் கவனம் முழுவதும் வேலையில் இருக்க வேண்டும்.

இப்போது ஒரு பேரங்காடி. பார்வையற்ற பெண் ஒருவர் பால் இருக்கும் குளிர்பெட்டியை நோக்கி நடக்கிறார், இடது கையில் நாயின் கைப்பிடி. எதிரே வரும் தள்ளுவண்டியில், சிவப்பு அங்கி போட்ட ஒரு குட்டி நாய், தக்காளிப் பையின் மேல் கால் வைத்து நிற்கிறது. வழிகாட்டி நாயைக் கண்டதும் குரைத்துப் பாய்கிறது. கைப்பிடி சட்டென்று பக்கவாட்டில் திரும்புவதை அந்தப் பெண் உணர்கிறார். ஏன் என்று அவருக்குத் தெரியாது. குரைப்பு மட்டும் கேட்கிறது. எத்தனை தூரம், கடித்துவிட்டதா, எந்தப் பக்கம் விலகுவது, எதுவும் தெரியாது. வண்டிக்காரர், “பயப்படாதீர்கள், ஒன்றும் செய்யாது” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். ஆனால் ஒருமுறை தாக்கப்பட்ட வழிகாட்டி நாய், மற்ற நாய்களைக் கண்டாலே மிரள ஆரம்பிக்கலாம். சில நாய்களை அதனாலேயே வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்ப வேண்டியதாகிவிடும். அப்போது அந்தப் பெண் இழப்பது ஒரு செல்லப்பிராணியை அல்ல, தனியாக வெளியே போகும் சுதந்திரத்தை. அடுத்த நாய்க்கு மறுபடி காத்திருக்க வேண்டும்.

கடை மேலாளரின் பக்கமும் பாருங்கள். நேற்று அங்கி போட்ட நாய் ஒன்று ரொட்டி அலமாரி ஓரம் சிறுநீர் கழித்துவிட்டுப் போனது. இன்று உண்மையான சேவை நாயோடு வருபவரைச் சந்தேகத்தோடுதான் அவர் பார்ப்பார்.

கடைக்காரர்கள் செய்யும் தவறு

அவர்கள் உடனே அட்டையைக் கேட்கிறார்கள். சட்டப்படி கேட்கக் கூடாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நடைமுறையிலேயே அது தலைகீழ்ச் சோதனை. உண்மையான சேவை நாய் வைத்திருப்பவரிடம் அட்டை இல்லாமலும் இருக்கலாம், அது தேவையும் இல்லை. பளபளப்பான அட்டையைச் சட்டென்று நீட்டுபவர் அதைக் காசு கொடுத்து வாங்கியவராக இருக்கலாம். அட்டை கேட்டால் பொய்யர் உள்ளே போவார், மற்றவர் வெளியே நிற்பார்.

நாயின் பயன் பார்த்தவுடன் விளங்காத இடத்தில், கேட்க அனுமதிக்கப்பட்டவை இரண்டே கேள்விகள். குறைபாடு காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா இது? என்ன வேலை செய்ய இதைப் பழக்கியிருக்கிறீர்கள்? என்ன நோய் என்று கேட்கக் கூடாது, செய்து காட்டச் சொல்லவும் கூடாது. இரண்டாவது கேள்வியில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். “மனதுக்கு ஆறுதலாக இருக்கும்” என்பது அதற்குப் பதில் ஆகாது.

பதில் திருப்தியாக இருந்தாலும் கடைக்காரர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நாய் கட்டுக்கடங்காமல் நடந்து, உரிமையாளரும் அடக்காவிட்டால், அல்லது கண்ட இடத்தில் அசுத்தம் செய்தால், உண்மையான சேவை நாயைக்கூட வெளியே கொண்டுபோகச் சொல்லலாம். நாய் இல்லாமல் வந்து பொருள் வாங்க அந்த நபருக்கு வாய்ப்புத் தர வேண்டும், அவ்வளவுதான். இந்த அதிகாரம் தங்களிடம் இருப்பது தெரியாமல், வழக்கு வருமோ என்று பயந்து, குரைக்கும் நாயைச் சகித்துக்கொள்ளும் கடைகளும் இருக்கின்றன.

நாமே போலீஸ் ஆவது

இதையெல்லாம் படித்துவிட்டு, அடுத்த முறை சக்கர நாற்காலி இல்லாத ஒருவர் நாயோடு வந்தால் முறைக்கத் தொடங்குவதும் தவறுதான். வலிப்பு, சர்க்கரை நோய், போர் தந்த மனக்காயம் எதுவும் முகத்தில் எழுதியிருக்காது. சர்க்கரை இறங்குவதை மூச்சின் வாடையில் கண்டுபிடிக்கும் நாயை, மார்போடு கட்டிய பையில் தூக்கி வருபவர்கூட உண்டு. நாயின் நடத்தையைக் கவனியுங்கள், ஆளை எடைபோடாதீர்கள்.

வளர்ப்பு நாயைச் சேவை நாய் என்று ஏமாற்றுவோருக்கான தண்டனையை மாநிலங்கள் பார்த்துக்கொள்கின்றன. கலிஃபோர்னியாவில் ஆறு மாதம் வரை சிறையோ 1,000 டாலர் வரை அபராதமோ விதிக்கலாம். ஃப்ளோரிடாவில் 30 மணி நேரம் மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பில் சமூகப் பணி செய்ய வேண்டும். நிரூபிப்பது கடினம் என்பதால் பிடிபடுகிறவர்கள் குறைவு.

உங்களிடம் சாதாரண வளர்ப்பு நாய் இருந்தால், தெருவில் வேலை செய்யும் நாயைக் கண்டதும் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து ஓரமாக நில்லுங்கள். அந்த நாயைக் கூப்பிடவோ தடவவோ தின்பண்டம் காட்டவோ வேண்டாம். உடன் வருபவருக்குப் பார்வை இல்லை என்று தெரிந்தால், “என்னிடம் ஒரு நாய் இருக்கிறது, உங்கள் வலது பக்கம் நிற்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் நடப்பது என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.